ஊற்றுக்கண்ணும் சட்டமும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் வண்டி திண்டிவனத்தைத் தாண்டி, மயிலம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்தை அடையும் வரையில், ஜன்னலோரத்தில் அமர்ந்து வருவோர் கண்ணுக்கு இரண்டு காட்சிகள் தப்பமாட்டா. ஒன்று, வயல்களுக்கிடையே ஆங்காங்கே தலைநீட்டும் மொட்டைப் பாறை. மற்றொன்று, அப்பாறையைக் குடைந்து விவசாயி தோண்டியிருக்கும் கிணறு. இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்வதிலேயே தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு பேராசிரியரைப் பற்றியும், அவரைப் போன்றோர் கண்டறிந்த உண்மைக்கு நேர் விரோதமாக நம் தேசத்தில் இன்றும் நின்று நிலவும் ஒரு சட்டத்தைப் பற்றியும் எழுத முற்பட்டோம். கிணற்றை நம்பி வாழும் குடிகளிடையே ஊழியம் செய்வோர் இவ்விஷயத்தை அறியாமல் இருத்தல் தகாது.

முதலில் பாறையைக் கவனிப்போம். பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் இந்தப் பகுதியில் இருவகைப் பாறைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் பூமியின் மிகப் பழைய பாறைகள் பரந்திருக்கின்றன. பல்லாவரத்தில் வெட்டியெடுக்கப்பட்ட 'சார்னோகைட்' என்ற கருநிறக் கல்லும், வரிவரியாகத் தோன்றும் 'நைஸ்' என்ற கல்லும் அவற்றுள் முக்கியமானவை. அவற்றின் வயதை இருநூற்றைம்பது கோடி ஆண்டு என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணிக்கிறார்கள். கிழக்கே வானூர்ப் பக்கம் சென்றால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே கடலும் ஆறுகளும் கொண்டுவந்து குவித்த மணற்பாறைகளும், களிமண் பாறைகளும், சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து, சமுத்திரத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன.

மணற்பாறை என்பது பார்வைக்குத்தான் கல். மணிக்கும் மணிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைந்து, அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கின்றன. நீர் அவற்றினூடே நகரும். சார்னோகைட்டோ அத்தகையதன்று. உடையாத கல்லுக்குள் நீர் புகுவது ஏறக்குறைய அசாத்தியம். நல்ல மணலையும் விரிசலில்லாத கருங்கல்லையும் ஒப்பிட்டால், நீர் செல்லும் எளிமையில் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆயினும் மேலே சில அடி ஆழம் வரையில் வெயிலாலும் மழையாலும் கல் மக்கிப் பொடிந்திருக்கிறது. அதன் கீழே சில பத்து மீட்டர் ஆழம் வரையில் விரிசல்கள் ஓடுகின்றன. நம் விவசாயி 'ஊற்றுக்கண்' என்று சொல்வது இந்த விரிசலின் வாயைத்தான். திண்டிவனம் தாலூகாவில் கிணற்றுப் பாசனம் நடைபெறுவதெல்லாம் இந்த மெல்லிய போர்வையின் தயவால்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியோடு முடிந்த ஒரே நாளில், 'ஃபெஞ்சல்' புயலின்போது, மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஊர்கள் மிதந்தன, சாலைகள் அறுந்தன. "இவ்வளவு மழையும் பூமிக்குள் இறங்கியிருந்தால் பல வருஷங்களுக்குக் கிணறு வற்றாதே!" என்று கூறியோர் பலர். ஆனால் மக்கிய பாறை நூற்றுக்கு இரண்டு பங்கு நீரைத்தான் வாங்கிக் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் கனமுள்ள பாறையில் நிற்பது 2 சென்டிமீட்டர் மழை. 50 சென்டிமீட்டரையும் அடக்குவதற்கு 25 மீட்டர் கனமுள்ள வெறும் பாறை வேண்டும். கார்த்திகை மாதத்தில், முன் பெய்த மழையால் பாதி நிறைந்துவிட்ட கிணற்றின் மேல் அத்தனை இடம் எங்கே இருக்கிறது? கொள்ளுகிற பாத்திரம் சிறிது. சீக்கிரம் நிறைவதும் சீக்கிரம் வற்றுவதும் அதனால்தான். ஏரிகளைக் கட்டிய நம் முன்னோர் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை. ஆனால் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு ஊருக்கு ஊர் ஏரி சாட்சி நிற்கிறது.

வானூர் மணற்பாறையின் சரித்திரம் வேறு. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே திருவக்கரை என்ற க்ஷேத்திரம் இருக்கிறது. சந்திரமௌளீசுவரர் ஆலயத்தைத் தரிசிக்கச் செல்வோரில் எத்தனை பேர் அருகிலுள்ள கல்மரங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்களோ, அறியோம். 1781-இலேயே சொன்னராத் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்திய பூகர்ப்ப இலாகா அவ்விடத்தைப் பாதுகாக்கத் தொடங்கிற்று. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அவை. மணலின் துவாரங்கள் வழியே கசிந்த நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை மரத்தின் அணு அணுவாகச் சேர்த்து, மரத்தைக் கல்லாக்கியது. மரத்தின் வளர்ச்சி ரேகைகள் கூட அழியவில்லை. பாறைக்குள் நீர் நடந்து செல்கிறது என்பதற்கு இதைவிட வேறு பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுமா?

அந்த நடையை முதன்முதலில் அளந்தவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சு இஞ்சினீயர். தாம் பிறந்த டீஜோன் நகரத்துக்கு நல்ல குடிநீர் கொண்டுவந்த அவர், மணல் நிரப்பிய இரும்புக் குழாயில் நீரை விட்டுப் பரிசோதனை செய்து, 1856-இல் தம் முடிவை வெளியிட்டார். மணலின் இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தின் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்கு நீர் வேகமாகச் செல்லும். மணலின் நீளம் கூடக்கூட வேகம் குறையும். மணலுக்கு மணல் ஒரு தனிக் குணம் உண்டு. அவ்வளவே அவர் கண்ட விதி. ஒரு கிணற்றில் நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், சுற்றுப்புறத்து நீர் அதனை நோக்கி ஓடி வந்தே தீரும் என்பது இவ்விதியிலிருந்து தானே விளங்கும். வரப்பு மேலே இருக்கிறது. கீழே வரப்பு இல்லை.

இனி நாம் சொல்லவந்த பேராசிரியரிடம் வருவோம். ஸ்ரீ டி. என். நரசிம்மன் 1935-இல் பிறந்தவர். அறுபதுகளில் இந்திய பூகர்ப்ப இலாகாவில் நிலத்தடி நீர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அக்காலத்தில் இத்துறைப் புஸ்தகங்களெல்லாம் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அவை சாண் அகலமுள்ள குழாய்க் கிணற்றையே நினைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டுக் கிணறோ ஆள் இறங்கி வெட்டிய அகன்ற கிணறு. 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் நீர் ஒரு மீட்டர் தாழ்ந்தால், வெளியேறிய நீர் 28 ஆயிரம் லிட்டர். இதில் பெரும் பாகம் கிணற்றில் ஏற்கெனவே தேங்கி நின்றது. பாறை அப்போது கொடுத்தது சொற்பம். கையிருப்பை வருமானம் என்று எழுதிய கணக்குப்பிள்ளையைப் போல, அமெரிக்கச் சூத்திரத்தை அப்படியே பிரயோகித்தவர் பாறையின் சக்தியைத் தப்பாக மதிப்பிடுவார்.

ஸ்ரீ நரசிம்மன் இதைக் கவனித்தார். திறந்த கிணறுகளைப் பரிசோதிப்பது எப்படி என்பதைப் பற்றி 1965-இல் ஒரு கட்டுரை பிரசுரித்தார். 1967-இல் அமெரிக்காவில் பாபடோபுலஸ், கூப்பர் என்னும் இருவர், கிணற்றில் தேங்கிய நீரையும் கணக்கில் சேர்க்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே அவர் அம்முறையைச் சென்னைக்கருகில் பாலாற்று மணலில் உள்ள திறந்த கிணறுகளில் பிரயோகித்துப் பார்த்து, சர்வதேச சஞ்சிகையொன்றில் எழுதிவிட்டார். பாலாறு திண்டிவனத்துக்குத் தூரமன்று. அங்குள்ள கிணறுதான் இங்கும் உள்ள கிணறு.

பிறகு அவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி நகரக் கழகத்துக்குச் சென்று, 1975-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தம் ஆசிரியர் பால் விதர்ஸ்பூனுடன் சேர்ந்து, நுண்துளைப் பொருளில் திரவம் செல்வதைக் கம்ப்யூட்டரால் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார். அதன் சாரம் கர்ணத்தின் கணக்கைப் போல எளிது. பூமியைச் சிறு சிறு துண்டுகளாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அண்டைத் துண்டிலிருந்து வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று வரவு செலவு எழுத வேண்டும். துண்டுகள் சதுரமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. எந்த உருவத்திலும் இருக்கலாம். உலகெங்கும் பூமியின் உஷ்ண ஊற்றுக்களிலிருந்து மின்சாரம் எடுப்போரும், அணுக் கழிவைப் புதைக்க இடம் தேடுவோரும் இன்று உபயோகிக்கும் பெரிய கணித நிரல்கள் சில இம்முறையின்மேல் கட்டப்பட்டவை. அவர் இயற்றிய நிரல் ஒன்றுக்கு 'டிரஸ்ட்' என்று பெயர். தர்மகர்த்தர் பொறுப்பையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிப்பர். பிற்காலத்தில் அவர் எதற்காக வாதாடினார் என்பதை எண்ணும்போது இப்பெயர்ப் பொருத்தம் நமக்கு ஆச்சரியத்தைத் தருகிறது.

1985-இல் வாங் என்ற சகாவோடு அவர் எழுதிய கட்டுரை விசித்திரமானது. விரிசலுள்ள பாறை பூரணமாக நனையாத நிலையில் நீர் எவ்வழியே செல்லும்? விரிசல் வழியே ஓடிவிடும் என்றுதான் யாரும் சொல்வோம். அவர்கள் காட்டியது வேறு. பாறை காயும்போது அகன்ற விரிசல்களே முதலில் காலியாகின்றன. நீர் நுண்ணிய துவாரங்களில் பிடிபட்டு நிற்கிறது. இரு கல் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களின் வழியே கல்லிலிருந்து கல்லுக்கு மெல்லக் கடக்கிறது. வெற்று விரிசல் அப்போது வழியாக இல்லாமல் தடையாகிவிடுகிறது!

இத்தகையவர் அந்நிய நாட்டில் ஏன் இருந்தார் என்று கேட்போர் இருப்பர். அவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. அக்காலத்தில் பெரிய கம்ப்யூட்டரும், கூடி ஆராயும் சகாக்களும் இருந்த இடத்துக்கு ஆராய்ச்சியாளர் சென்றார். நமக்குள்ள வருத்தம் வேறு. அவர் கடைசி வரையில் இந்தியாவை நோக்கியே எழுதிக்கொண்டிருந்தார். அதை நாம் எவ்வளவு படித்தோம்?

2008-இல் அவர் வெளியிட்ட நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஆண்டுதோறும் பெய்யும் மழையும் பனியும் 4,000 கன கிலோமீட்டர் என்றும், அதில் நாம் உபயோகிக்கத்தக்கது 1,123 கன கிலோமீட்டர் என்றும் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. இக்கணக்கின்படி மழையில் நூற்றுக்கு 40 பங்கே ஆவியாகவும் செடிகொடிகளின் மூச்சாகவும் ஆகாயத்துக்குத் திரும்புகிறது. உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளோ மூன்றில் இரண்டு பங்கு திரும்புகிறது என்கின்றன. நம் வெயில் உலகத்து வெயிலைவிடக் குளுமையானதா என்ன? உலக விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், உபயோகிக்கத்தக்க நீர் ஏறக்குறைய 650 கன கிலோமீட்டராகச் சுருங்குகிறது. நாமோ அப்போதே 630-க்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தோம். பெட்டியில் பாதி பணம் இருக்கிறது என்று நம்பிச் செலவு செய்யும் குடும்பத்தலைவனிடம், பெட்டி காலியாகும் தறுவாயில் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், அவன் ஒரு தடவையாவது பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டாமா?

அதே ஆண்டில் நீரையும் சட்டத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 2009-இல் பூபௌதிக நிபுணர் ஸ்ரீ வினோத் கௌருடன் சேர்ந்து, பெங்களூர் தேசிய உயர்நிலை ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் இந்தியாவின் நீர்க் கொள்கைக்கு ஒரு வரைவு அளித்தார். 2011-இல் காலமானார். ஓடும் நீரும் காற்றும் கடலும் ஒருவருக்கும் தனிச் சொத்தாகா என்பது பழைய ரோமானியச் சட்டம். சர்க்கார் அவற்றுக்கு உடைமைக்காரரல்லர், ஜனங்களின் சார்பில் தர்மகர்த்தர் மட்டுமே என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 1996 டிசம்பரில், பியாஸ் நதியைத் திருப்பிய ஓர் உல்லாச விடுதியைப் பற்றிய கமல்நாத் வழக்கில், இக்கொள்கையை ஏற்றுக்கொண்டது. பாறைக்குள் செல்லும் நீர் ஓடும் நீரா, நின்ற நீரா? விஞ்ஞானியைக் கேட்டால் ஓடும் நீர் என்பார். சட்டத்தைக் கேட்டால் வேறு பதில் வருகிறது.

அந்தச் சட்டத்தின் பூர்வோத்தரத்தைச் சற்று விஸ்தாரமாகவே கூறவேண்டும். 1843-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. லங்காஷயரில் நெசவாலை வைத்திருந்த ஆக்டன் என்பவருடைய கிணறு, பக்கத்தில் பிளண்டல் என்பவர் நிலக்கரிச் சுரங்கம் வெட்டியதனால் வற்றிப் போயிற்று. கோர்ட்டார் அவருக்குப் பரிகாரம் இல்லை என்றனர். பூமிக்குக் கீழே நீர் எப்படிச் செல்கிறது என்பதை யாரும் அறியமுடியாது. ஆகையால் தன் நிலத்தின் அடியிலுள்ளதை உடையவன் எடுத்துக்கொள்ளலாம். அதுவே அத்தீர்ப்பின் போக்கு. டார்சி தம் குழாயில் மணலை நிரப்பியது அதற்குப் பிறகுதான். ஆகவே அந்த நீதிபதிகளை மன்னிக்கலாம். ஆனால் டார்சியின் புஸ்தகம் வெளிவந்து 26 ஆண்டுகள் சென்றபின், 1882-இல், அன்னிய ஆட்சியாளர் இங்கே இயற்றிய இந்திய ஈஸ்மெண்டு சட்டம் அதே அறியாமையை ஏழாவது பிரிவின் உதாரணமாக எழுதி வைத்தது. வரையறுத்த வாய்க்காலில் செல்லாமல் நிலத்தின் கீழுள்ள நீரனைத்தையும் சேகரித்து உபயோகிக்க நிலச் சொந்தக்காரனுக்கு உரிமையுண்டு என்பது அதன் கருத்து. இச்சட்டம் முதன்முதலில் எந்தெந்த மாகாணங்களுக்காக ஏற்பட்டது தெரியுமா? சென்னை, மத்திய மாகாணம், குடகு ஆகியவற்றுக்கே. அந்தப் பாக்கியமும் நமக்கே முதலில் கிடைத்தது!

'வரையறுத்த வாய்க்கால்' என்ற சொற்றொடரை நேயர்கள் நன்கு சிந்திக்கவேண்டும். நுண்துளைப் பாறையில் வாய்க்கால் ஏது? கோடிக்கணக்கான துவாரங்களின் வழியே, கிணற்றைச் சுற்றிய எல்லாத் திசைகளிலிருந்தும் நீர் நகர்கிறது. கரையிட்டு ஓடுவதை மட்டுமே ஓட்டம் என்று கொண்ட சட்டம், கரையின்றி ஓடுவதை ஓட்டமே அன்று என்று தள்ளிவிட்டது.

இதன் பயன் என்ன? விக்கிரவாண்டிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தில் கிணற்றை நம்பி மணிலாக்கொட்டை பயிரிடும் ஒரு சிறு விவசாயியை நினைத்துப் பாருங்கள். அடுத்த நிலத்தார் வசதியுள்ளவர். அவர் நூறு மீட்டர் ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கி இரவு பகலாக இறைக்கிறார். இவருடைய ஊற்றுக்கண் அடைபட்டுப் போகிறது. சட்டத்தின் முன் இவருக்கு நஷ்டமே நேரவில்லை. கடன் வாங்கித் தாமும் துளை இறக்குவது ஒன்றே வழி. அடுத்தவர் இன்னும் ஆழமாகச் செல்கிறார். நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயைக் கையில் ஏந்தி வருகிறார், துளையிடும் வண்டி வருகிறது, வட்டிக்காரர் வருகிறார், நீர் மட்டும் வருவதில்லை. ஹைதராபாத் பிரதேசத்தில் இந்திய, பிரெஞ்சு நிபுணர்கள் சேர்ந்து 1999 முதல் நடத்திய ஆராய்ச்சி இதற்குக் காரணத்தைத் தெளிவாக்கியிருக்கிறது. இத்தகைய கடும்பாறையில் நீர் தரும் விரிசல்களில் பெரும்பாலன மேலிருந்து கல் மக்கி வருவதால் உண்டானவை. ஆழம் செல்லச்செல்ல அவை அருகிவிடுகின்றன. அடியில் கங்கை ஓடுகிறது என்று நம்பித் துளைப்பது பெரும்பாலும் வெறும் கல்லைத் துளைப்பதாகவே முடிகிறது.

விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அளித்தது தவறு என்று கூறுவோர் உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். கால்வாய்ப் பாசனக்காரர் அணை நீரைப் பெறுகையில், கிணற்றுக்காரர் தம் நீரைத் தாமே தூக்கவேண்டியிருக்கிறது. ஆனால் மின்சாரம் தந்து நீருக்குக் கணக்கு வைக்காமல் விட்டது பெருங்குறை. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 2013-இல் ரத்து செய்யப்பட்டது. புதுச்சேரியில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வானூர் மணற்பாறையோ புதுச்சேரி எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடுவதில்லை. எல்லைக்கு அப்புறம் ஒரு விதி, இப்புறம் மற்றொரு விதி என்றால், இரு பக்கத்து நீரும் ஒரே பாத்திரத்தின் நீர் என்பதைப் பாறை மறந்துவிடுமா? கடலோரத்தில் அளவு மீறி இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தினால், டார்சியின் அதே விதிப்படி உப்பு நீர் உள்ளே வரும். அதனைத் தடுக்க எந்தப் போலீஸ் சேவகராலும் ஆகாது.

சட்டம் மாறவேண்டும் என்பதில் ஐயமில்லை. சென்னையிலும் டில்லியிலும் அதற்காகக் கிளர்ச்சி செய்யவேண்டியது ஊழியர்களின் கடமை. ஆனால் மேலிருந்து வரும் சட்டம் மட்டும் போதாது. லட்சக்கணக்கான கிணறுகளுக்குக் காவல் வைப்பது எந்த இலாகாவாலும் இயலாத காரியம். ஆந்திர தேசத்தில் வறட்சி மிகுந்த ஏழு ஜில்லாக்களில், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஊர்ச் சுவரில் எழுதி, பயிரிடுவதற்கு முன் இருப்பு நீரைக் கூடிக் கணக்கிட்டார்கள். யாரும் யாருக்கும் அபராதம் விதிக்கவில்லை. கணக்கைக் கண்ணால் பார்த்தபின் நெல்லைக் குறைத்து வேறு பயிருக்கு மாறியோர் பலர்.

இதை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செய்வதற்குத் தடை என்ன? இவ்விரு நகரங்களிலும் சர்க்கார் கலைக்கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் கிணறுள்ள வீட்டிலிருந்து வருகிறவர்களே. பெர்க்லியில் முடிந்த ஆராய்ச்சி எந்தக் கருவிகளோடு தொடங்கிற்றோ, அவை இங்கேயும் உண்டு: ஒரு கிணறு, ஒரு பம்பு, ஓர் அளவு நாடா, ஒரு கடிகாரம். மாலை ஆறு மணிக்கு இறைப்பை நிறுத்துக. நீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறிற்று என்று முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரமும், பிறகு பொழுது விடியும் வரையில் மணிக்கொரு தரமும் குறித்துக்கொள்க. கிணற்றின் குறுக்குப் பரப்பளவால் பெருக்கினால், மணிக்கு இத்தனை லிட்டர் நீரை அந்தப் பாறை கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். ஓர் ஊரில் பத்துக் கிணறுகளை இவ்வாறு அளந்து, தை மாதத்தில் ஒரு தரமும் சித்திரையில் ஒரு தரமும் பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் எழுதி வைக்கலாம். எழுதும்போது அடுத்தடுத்த கிணறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுக.